புதுப்பிப்பு: விசா வந்துவிட்டது, ஒரு சுற்று வீணாய்ப் போனபிறகு

பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதம்தான், முதலில் அதைப் புதுப்பிப்பதா, குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிப்பதா என்று கேட்டிருந்தேன். புதுப்பித்தேன். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன. விண்ணப்பத்தின் நடுவில் பாஸ்போர்ட் எண் மாறினாலும் தலைவலிதான்.

மாட்டிக்கொண்டது பிறப்புச் சான்றிதழில். அவசரப்பட்டு முதலில் மொழிபெயர்த்துவிட்டு, அப்புறம் அபோஸ்டில் (சான்றிதழின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டில் காட்ட அரசு தரும் அத்தாட்சி) வாங்கினேன். 1961 ஹேக் உடன்படிக்கைப்படி தரப்படும் அந்த அத்தாட்சியில் எண்ணிட்ட பத்து வரிகள் இருக்கும். என் மொழிபெயர்ப்பில் அவை எப்படி இருக்கும்? கோப்பு திரும்பி வந்தது. யாரும் சொல்லவில்லை, சரி, நானும் கேட்கவில்லை. மறுபடி கட்டணம், இன்னும் மூன்று வாரம்.

விசா நேற்று கைக்கு வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டேன். குடியுரிமைக்கு வசித்த நாட்களை எண்ணுவார்களாம். பயணத் தேதிகளுக்கு இப்போதே ஒரு நோட்டு போட்டாயிற்று.