மகளுக்கு அதிக ரத்தப்போக்கு. வீட்டில் மாத்திரை கூடாது என்கிறார்கள்

என் மகள் உயர்நிலை இரண்டு படிக்கிறாள், 14 வயது. சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். இந்த வருட ஆரம்பத்திலிருந்து மாதவிடாய் எட்டு நாள் வரை நீள்கிறது. இரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுகிறது, கட்டி கட்டியாகவும் போகிறது. பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.6தான், குறைவு. இரும்புச்சத்து மாத்திரையும் வலிக்கு மெஃபனமிக் ஆசிட்டும் கொடுத்தார்கள்.

சிக்கல் வீட்டில்தான். வலி மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார் என் மாமியார். அந்த நாட்களில் முட்டை, மீன், தலைக்குக் குளியல் எதுவும் கூடாதாம். கேட்டுக் கேட்டு பிள்ளைக்கும் இதெல்லாம் அசிங்கம் என்று பதிந்துவிட்டது. வகுப்பிலிருந்து பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. பார்க்கவே மனசு பதறுகிறது.

நானும் கணவரும் பேசிப் பார்த்துவிட்டோம். டாக்டர் சொன்னதைத் தமிழில் எழுதியும் காட்டினேன். பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். டாக்டரே நேரில் தமிழில் சொன்னால் கேட்பார் என்று நம்புகிறேன். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாதம்தான்.

அதற்குள், பெரியவர்களையும் உட்கார வைத்துத் தமிழில் பொறுமையாக விளக்கும் பெண் டாக்டர் யாரையாவது செங்காங், பொங்கோல் பக்கம் தெரியுமா?