வெர்னியரில் 2.73 வந்ததை அழித்துவிட்டான்

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு ஆசிரியை)
வகுப்பில் 42 பேர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் வெர்னியர் அளவிகளில் உருப்படியானவை ஆறுதான். சென்ற வாரம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டத்தை அளக்கச் சொன்னேன். ஒரு பையன் 2.73 செ.மீ. என்று எழுதியிருந்தான். பக்கத்து மேசையில் எல்லோருக்கும் 2.70. நான் வருவதைக் கண்டதும் ரப்பரால் தேய்த்து 2.70 ஆக்கிவிட்டான். அவனுடைய அளவியின் தாடைகளை மூடிப் பார்த்தேன். நகரும் வெர்னியர் அளவுகோலின் சுழி (பூச்சியம்) வலப்பக்கம் தள்ளி நிற்க, அதன் மூன்றாவது பிரிவு முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு ஒன்றியிருந்தது. மூடியிருக்கும்போதே கருவி காட்டும் இந்தச் சுழிப் பிழை 0.03-ஐக் கழித்தால் அதே 2.70! சரியாகப் பார்த்ததை அழித்துவிட்டானே என்று இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது. அளவிடுதலை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர்)
அம்மா, முதலில் ரப்பரை வெளியே வைக்கச் சொல்லுங்கள். அளவீடுகளைப் பேனாவில்தான் எழுத வேண்டும். தவறென்றால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதட்டும். பிறகு எல்லா அளவீடுகளையும் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். 2.73 ஏன் வந்தது என்று வகுப்பே தேடட்டும்.

கருவி போதாததற்கு நான் செய்தது: வரைபடத்தாளில் 9 மி.மீ. நீளத்தைப் பத்துப் பிரிவாக்கி, ஓர் அட்டைப் பட்டையில் ஒட்டச் சொல்வேன். ஒரு பிரிவு 0.9 மி.மீ. அதை மி.மீ. கோட்டோடு நகர்த்திப் பார்க்கும்போது மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டும் மிகச் சிறிய அளவு, 0.1 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பதில் 2
நூலில் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடும் நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் தனி ஊசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணுவார்கள். "சுழி" என்று தொடங்க வேண்டும். ஒரு மீட்டர் ஊசலில் 19 அலைவை 20 என்று கொண்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 10.9 அளவில் வரும். என் வகுப்பில் ஒரு குழுவுக்கு அப்படித்தான் வந்தது. விடையைச் சொல்லாமல் மறுபடி எண்ணச் சொன்னேன். மூன்றாம் முறை ஒரு பெண் நடுவிலேயே கத்திவிட்டாள், "சார், ஒன்று குறைகிறது!"

பதில் 3
மெல்லிய கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியில் கம்பியை நசுக்கிவிடுவார்கள். முனையில் உள்ள சிறு குமிழைத் திருகி, "கிரிக்" ஒலி கேட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேட்டவர்
நன்றி ஐயா. திங்கட்கிழமை அந்தப் பையனின் அளவியைத்தான் முதலில் மேசைமேல் வைக்கப்போகிறேன். பட்டைக்கு எந்த அட்டை நல்லது?

பதில் 1
பழைய திருமண அழைப்பிதழ், அம்மா. வளையாது.