சார்ஜர் கழன்றதும் தெரிய வேண்டும், பற்றரி இறங்கினாலும் தெரிய வேண்டும் (டெபியன் 12, ஐத்ரீ)

கல்லடி_தட்டச்சு:
வணக்கம் அண்ணன்மாரே. கல்லடியில் வீட்டிலிருந்தே டியூஷன் மாஸ்டர்மாருக்கு டியூட் (பாடக் குறிப்புத் தாள்) தட்டிக் கொடுக்கிறேன். பழைய லேப்டாப், டெபியன் 12 லினக்ஸ், முழு டெஸ்க்டாப் எதுவும் போடவில்லை, ஐத்ரீ என்ற சாளர மேலாளர் மட்டும். கரண்ட் போனால் ஃபேன் நின்று தெரிந்துவிடும். சுவர் சுவிட்சை அணைத்து யாராவது ரைஸ் குக்கரைப் போட்டுவிட்டால்தான் எனக்குத் தெரிவதில்லை. முந்தாநாள் இரவு அப்படித்தான், உயிரியல் வினாத்தாள் 12 பக்கம் தட்டி முடித்துச் சேமிக்குமுன் திரை கறுத்துவிட்டது, காலை வகுப்புக்குக் கொடுக்க வேண்டியது, விடியும்வரை திரும்ப இருந்து தட்டினேன். இதற்கு ஒரு வழி சொல்லுங்க.

அக்கரைப்பற்று_டெபியன்:
தம்பி, கர்னலுக்கு (லினக்ஸின் உட்கரு) இது உடனே தெரியும், அதைக் கேட்டு உங்களிடம் சொல்ல ஒன்றும் ஓடவில்லை, அவ்வளவுதான். /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை அடைவைத் திறந்து பாருங்க. ஏசி, ஏடிபி1, ஏசிஏடி என்று மெஷினுக்கு மெஷின் பெயர் மாறும், உள்ளே ‘ஆன்லைன்’ கோப்பில் 1 என்றால் சார்ஜரில், 0 என்றால் பற்றரியில். பற்றரிக்கான பேட்0 அடைவில் ‘கெப்பாசிட்டி’ சதவீதத்தைச் சொல்லும். இனி ‘யூடெவ்அட்ம் மொனிட்டர்’ ஓடவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்க, உடனே வரி விழும். ஆன்லைன் 0 ஆனதும் ஸ்கிரிப்ட் ஓட யூடெவுக்கு (வன்பொருள் மாற்றங்களைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்று எழுதலாம்.

கல்லடி_தட்டச்சு:
எழுதினேன் அண்ணன். நேரத்தைக் கோப்பில் குறிக்கச் சொன்னால் குறிக்கிறது, நோட்டிஃபை-செண்ட் கட்டளை காட்ட வேண்டிய அறிவிப்பு மட்டும் திரையில் வரவே இல்லை. டெர்மினலில் நானே அடித்தால் வருகிறது.

வாழைச்சேனை_ரூட்:
அங்கிருந்து வராது. யூடெவ் அந்த ஸ்கிரிப்டை ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) ஓட்டுகிறது, உங்கள் திரை எது, டிபஸ் (நிரல்கள் செய்தி பரிமாறும் வழி) முகவரி எது என்று அதற்குத் தெரியாது. கனநேரம் ஓடும் எதையும் அது கொன்றுவிடும் என்பதால் லூப் போட்டுக் காத்திருக்கவும் முடியாது. சிலர் திரையைக் குறிக்கும் டிஸ்ப்ளே மாறியை ஸ்கிரிப்டுக்குள் திணித்து ஓட்டுவார்கள், நாளைக்கு வேறு பயனர் உள்நுழைந்தால் அது உடையும், வேண்டாம். ஐத்ரீ தொடங்கும்போதே உங்கள் பயனர் பெயரில், மின்நிலை மாற்றங்களைச் சொல்லும் ‘யூபவர் --மொனிட்டர்’ ஓடட்டும். அது வரி விடும் ஒவ்வொரு தடவையும் ஆன்லைன் கோப்பைப் படித்து, மதிப்பு மாறியிருந்தால் மட்டும் அறிவிப்பு. அவசர நிலையைக் கிரிட்டிக்கல் என்று கொடுங்க, அறிவிப்பு காட்ட டன்ஸ்ட் நிரலை வைத்திருந்தால் நீங்கள் மூடும்வரை அது திரையிலேயே நிற்கும்.

அக்கரைப்பற்று_டெபியன்:
நோட்டிஃபை-செண்ட் விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்க. பற்றரி இறங்குவதற்கு வேறு வழி வேண்டும். சதவீதம் குறைவதற்குப் பல மெஷின்களில் நிகழ்வு வராது, நாமே போய்ப் பார்க்க வேண்டும், பார்க்கும் ஸ்கிரிப்டை 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும் சிஸ்டம்டி பயனர் டைமர் ஒன்றை வையுங்க.

எந்தச் சதவீதத்தில் எச்சரிப்பது என்பதுதான் முக்கியம். பேட்0 அடைவில் எனர்ஜி_ஃபுல் (இப்போதைய முழுக் கொள்ளளவு) மதிப்பை எனர்ஜி_ஃபுல்_டிசைன் (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு) மதிப்பால் வகுத்துப் பாருங்க, சில மெஷின்களில் எனர்ஜி இருக்கும் இடத்தில் சார்ஜ் என்று இருக்கும். பாதிக்குக் கீழே வந்தால் 10 சதவீத எச்சரிக்கையை நம்பாதீங்க. என்னுடைய பழைய பற்றரி 15 காட்டிக்கொண்டிருந்தே படாரென்று அணைந்திருக்கிறது. 30இல் சொல்ல வையுங்க.

யூபவர் கொன்ஃப் கோப்பில் கடைசி நடவடிக்கை (மெஷினை அணைப்பது அல்லது தூங்கவிடுவது) 2 சதவீதத்தில் இருக்கும், பழைய பற்றரிக்கு அது மிகவும் பிந்தியது, 8 ஆக்குங்க. அதே கோப்பில் கிரிட்டிக்கல் சதவீதம் அதற்கு மேலே, லோ சதவீதம் அதற்கும் மேலே இருக்க வேண்டும், வரிசை பிசகினால் நீங்கள் கொடுத்த மதிப்புகளை விட்டுவிட்டு இயல்பானதையே எடுத்துக்கொள்ளும். ஹைபர்நேட் (நினைவகத்தை வட்டில் சேமித்து அணைவது) வேண்டுமென்றால் ஸ்வாப் (அதற்கான வட்டு இடம்) போதுமான அளவுக்கு இருக்கிறதா என்றும் பாருங்க.

கல்லடி_தட்டச்சு:
வகுத்துப் பார்த்தேன், 0.41. இவ்வளவு தேய்ந்தது எனக்குத் தெரியாது. எச்சரிக்கையை 35இல் வைத்தேன், கிரிட்டிக்கல் 15, நடவடிக்கை 8. இப்போதுதான் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், கை எடுக்குமுன் திரையில் வந்துவிட்டது. இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. டைமரை இன்று இரவு பற்றரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்.