சட்ட நிறுவனத்தின் கார்பன் தடம்: எங்கிருந்து அளக்கத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். அறுபது பேர் பணிபுரியும் சட்ட நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுடைய பெரிய கட்சிக்காரர் ஒருவர், அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எங்களின் பசுங்குடில் வாயு உமிழ்வு விவரத்தையும் இணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக இருபக்க அச்சைக் கட்டாயமாக்கி, தாள் கொள்முதலை மாதந்தோறும் குறித்து வருகிறோம். அதைத் தவிர எங்களிடம் வேறு கணக்கு எதுவும் இல்லை. அலுவலகம் வாடகைக் கட்டடத்தில் இருப்பதால் மின்கட்டணமும் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது. எதை முதலில் அளப்பது? தாளில் செலுத்திய கவனம் வீண்தானா?

பதில் 1

வீண் இல்லை, ஆனால் எடை அங்கே இல்லை. சதுர மீட்டருக்கு 80 கிராம் வகை ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம் இருக்கும். ஆயிரம் பக்க வழக்குக் கட்டை ஒருபக்க அச்சில் ஆறு படிகள் எடுத்தால் 6,000 தாள், அதாவது 30 கிலோ. அதன் உற்பத்தியால் வரும் உமிழ்வும் சில பத்து கிலோ அளவில்தான் நிற்கும். அதே வழக்குக்காக வழக்கறிஞர் ஒருவர் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து திரும்பினால், சிக்கன வகுப்பிலேயே அது பெரும்பாலும் ஒரு டன்னைத் தாண்டிவிடும். வணிக வகுப்பு இருக்கை விமானத்தில் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மாற்றுக் காரணிகள் (பயணத் தொலைவு போன்ற அளவை உமிழ்வாக மாற்றும் பெருக்கு எண்கள்) நெடுந்தொலைவுப் பயணத்தில் அதற்குச் சிக்கன வகுப்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உமிழ்வை ஏற்றுகின்றன.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கட்சிக்காரரிடம் திரும்ப வசூலிக்கும் பயணச் செலவு, பல அலுவலகங்களில் நிறுவனத்தின் பயணச் செலவுத் தலைப்பில் சேராமல் அந்தந்த வழக்கின் கணக்கிலேயே பற்று வைக்கப்படுகிறது. பயணத் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு நிறுவனம் பறந்ததே தெரியாது. பணத்தை யார் தந்தாலும் பறந்தவர் உங்கள் ஊழியர் என்பதால், உமிழ்வைக் கணக்கிட உலகெங்கும் பின்பற்றப்படும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் நெறிப்படி அது உங்களின் ஸ்கோப் 3 உமிழ்வில், அதாவது நிறுவனத்தின் செயல்பாட்டால் பிறரிடம் உண்டாகும் மறைமுக உமிழ்வில், வணிகப் பயணமாகவே சேரும். எனவே வழக்குவாரிச் செலவுப் பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள்.

பதில் 2

மின்சாரத்துக்கு, கட்டடம் முழுவதன் ஆண்டு நுகர்வை உரிமையாளரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் பரப்பளவின் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். அது மதிப்பீடு என்பதை அறிக்கையில் வெளிப்படையாகக் குறித்துவிட்டால் போதும். ஊழியர்களின் அன்றாடப் போக்குவரத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு படிவம் போதுமானது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. முதல் ஆண்டில் எல்லாரும் செலவுத் தொகையை ஒரு காரணியால் பெருக்கி உமிழ்வைக் கணிப்பார்கள். கணினி, மென்பொருள், வெளி ஆலோசகர் போன்ற கொள்முதலுக்கு அது தற்காலிகமாக ஏற்புடையதே. ஆனால் பயணத்துக்கு அம்முறையைக் கையாண்டால், பயணச்சீட்டின் விலை குறைந்த ஆண்டில் ஒருவர்கூடக் குறைவாகப் பறக்காமலேயே உங்கள் உமிழ்வு குறைந்ததாக அறிக்கை சொல்லும். அதை நம்பி முடிவெடுப்பது எனக்கு மிகவும் கவலை தருகிறது. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், வகுப்பு ஆகிய மூன்றையும் பயண முகவரிடமிருந்து பட்டியலாக வாங்குங்கள்.

பதில் 3

குறைக்கும் வழியைப் பற்றி ஒரு சொல். நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் வழக்கைத் தீர்க்கும் பன்னாட்டு நடுவர் தீர்ப்புத் துறையில், நடுவர் லூசி கிரீன்வுட் 2019-இல் தொடங்கிய பசுமை உறுதிமொழி இயக்கம், அவசியமற்ற பயணத்தையும் அச்சுப்படிகளையும் தவிர்க்க நடுவர்களையும் வழக்கறிஞர்களையும் கேட்டுக்கொள்கிறது. சாட்சியின் குறுக்கு விசாரணைக்கு நேரில் செல்ல வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். கால அட்டவணை குறிக்கும் நடைமுறை அமர்வுக்கு விமானம் ஏறுவதற்குத்தான் நியாயம் தெரியவில்லை.

இன்னொன்று. இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டச் சங்கம் 2023-இல் வெளியிட்ட காலநிலை வழிகாட்டுதல், நிறுவனம் வழங்கும் சட்ட ஆலோசனையோடு தொடர்புடைய உமிழ்வையும், அதாவது அந்த ஆலோசனையைப் பெற்றுக் கட்சிக்காரர் செய்யும் செயல்களால் வரும் உமிழ்வையும், எடுத்துப் பேசுகிறது. அதை எண்ணாக்குவது கடினம், உங்கள் முதல் அறிக்கையில் அது தேவையும் இல்லை. ஆனால் கூட்டாளிகள் அதைப் பற்றிப் பேசத் தொடங்குவது நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து முடிவுற்ற வழக்கு ஒன்றின் செலவுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தோம். நாற்பது நிமிட நடைமுறை அமர்வு ஒன்றுக்காக மூவர் வணிக வகுப்பில் சென்று வந்திருக்கிறார்கள். எங்கள் பயணத் தலைப்பில் அதன் தடமே இல்லை. பயண ஒப்புதல் படிவத்தில், காணொலி வழியாக ஏன் இயலாது என்பதற்கு ஒரு வரி எழுதும் கட்டத்தைச் சேர்க்க மூத்த கூட்டாளி சம்மதித்திருக்கிறார். கட்டட உரிமையாளருக்கான கடிதம் நாளை போகிறது.