புதுப்பிப்பு: வீட்டுக்குள் கோல்ஃப் பயிற்சி, வலையா பட்டிங் விரிப்பா?

ஒன்பதடி உயர அறைக்கு, பந்தை ஓங்கி அடித்துப் பழகும் வலை வாங்கலாமா, பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிப் பழகும் பட்டிங் விரிப்பு போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் மட்டையை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. டிரைவர் என்ற நீளமான மட்டையை மேலே கொண்டுபோனதும் முனை மின்விசிறி இறக்கையைத் தொட்டுவிட்டது. சரி, வலை வேண்டாம்.

பத்தடி விரிப்பு வாங்கினேன். குழி 108 மி.மீ., மைதானத்தில் இருக்கும் அதே அளவு. சிறிய குழியில் பழகுங்கள் என்றும் சிலர் சொன்னார்கள். எனக்கு நிஜ அளவுதான் பிடித்திருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: பந்து எப்போதும் ஜன்னல் பக்கமே விலகியது. விரிப்பைத் திருப்பிப் போட்டும் அப்படியே. தரைதான் சரிவு! நடைவழிக்கு மாற்றினேன், இப்போது நேராக ஓடுகிறது.