அந்த வயிற்று வெடிப்பு: சூளைப் பிழையா, சிற்பி வைத்ததா?

குளக்கட்டு:
வன்னியில், ஒட்டுசுட்டான் பிள்ளை ஒருத்தி செய்த சுடுமண் பெண் சிலையின் படத்தைப் பார்த்துவிட்டு, நேற்று இங்கே ஒருவர் "வயிற்றில் வெடிப்பு, சுடத் தெரியாதவளெல்லாம் சிற்பியா" என்று எழுதியிருந்தார். வாசிக்கவே பத்திக்கொண்டு வந்தது. அந்தச் சிலையின் உதடு ஒரு பக்கம் சிரிக்கிறது, மறுபக்கம் இறுகிக் கிடக்கிறது. ஒரு கை வயிற்றை அணைக்கிறது, மற்றக் கை பொத்திப் பிடித்த முட்டி. இவ்வளவையும் விட்டு வெடிப்பு மட்டுமா கண்ணில் பட்டது? அது சிற்பி வேண்டுமென்றே வைத்தது.

சூளையடி:
எழுதியவன் நான்தான். பரம்பரையாகப் பானை சுட்ட வீடு எங்களுடையது. தடித்த இடமும் மெல்லிய இடமும் ஒரே வேகத்தில் காயாது. மெல்லியது முந்திச் சுருங்கி இழுக்கும், பிளக்கும். உள்ளே ஈரம் நின்றால் சூளையில் ஆவியாகி உடைக்கும். அந்தச் சிலையில் வயிறுதான் தடித்த இடம். வெடிப்பு வெடிப்புத்தான்.

பாலைமரம்:
அண்ணை, விளிம்பைப் பாருங்கள். ஈரமண்ணில் கத்தி போனால் ஓரத்தில் பிசிர் எழும்பும். தானாக வெடித்தால் வராது. படத்தில் பிசிர் இருக்கிறது.

சூளையடி:
கைபேசிப் படத்தில் பிசிர் கண்ட கெட்டிக்காரர்! வெடிப்பு வெடிப்புத்தான்.

வட்டக்கச்சி மச்சாள்:
பெண் உருவம் என்றால் வழுவழுப்பாகவே இருக்கவேண்டுமா? மதுரையை எரித்த கண்ணகிக்குத்தான் வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசியில் பொங்குகிறோம், கடல்நீரில் விளக்கெரிக்கிறோம். கோபமும் குளிர்ச்சியும் ஒரே உடம்பில் இருப்பது நமக்குப் புதிதில்லை.

சூளையடி:
அம்மனை இதற்குள் இழுக்காதீர்கள் தங்கச்சி. பொங்குகிற பானை வெடித்தால் கருத்து என்று கும்பிடுவீர்களா?

பாலைமரம்:
செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில் 1925இல் ஒரு சுடுமண் பெண்ணுருவம் கிடைத்தது. உயரம் 11 சென்டிமீட்டர்தான், வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். இரண்டாக உடைந்தே கிடந்தது. அங்கே கிடைத்த மற்ற மண்ணுருவங்கள் பலவற்றை ஈரத்தோடு நெருப்பிலிட்டு வேண்டுமென்றே வெடிக்க வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள்.

சூளையடி:
செக் நாட்டுக்காரனுக்கு முத்தையன்கட்டு மண் தெரியுமா?

கொக்குவிலான்:
வன்னியில் சிலைக்கு ஏற்ற மண் ஏது? எல்லாம் செம்மண்தானே. அதுதான் வெடிக்கிறது.

குளக்கட்டு:
செம்மண் உங்கள் ஊரில் ஐயா! கோடையில் எங்கள் குளங்கள் வற்றும்போது வந்து பாருங்கள், அடியில் பாளம் பாளமாகக் களி. வன்னி மண்ணைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து கதைக்க வேண்டாம்.

சூளையடி:
இதில் மட்டும் குளக்கட்டு சொல்வது சரி. மண்ணில் குறையில்லை, கையில்தான் குறை.

வட்டக்கச்சி மச்சாள்:
ஆண்பிள்ளை செய்திருந்தால் கையில் குறை என்று எழுதியிருப்பீர்களா? கோயில் மண்குதிரை விவாதத்திலும் இப்படித்தான் நின்றீர்கள்.

சூளையடி:
குதிரைக் கதையை எடுத்தது நீங்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் குதிரையின் பின்கால் வெடித்ததும் காயவிடாமல் சுட்டதால்தான். அன்றைக்கும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சுட்டவர் ஆண்பிள்ளைதான். அவருக்கும் இதையேதான் சொன்னேன், பழைய பதிவைத் தேடிப் பாருங்கள்.