மறு: மெமரி பேரியருக்குத் ‘தடை’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். நம் குழுவில் ‘மெமரி பேரியர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோமே, அதற்குத்தான் இந்தப் பதில். பிராசஸர் வேகத்துக்காக நினைவகத்தில் எழுதும், படிக்கும் வரிசையை மாற்றிவிடாமல் இருக்க நாம் போடும் கட்டளைதான் அது.

திங்கட்கிழமை திருமங்கலம் பக்கத்துக் கல்லூரியில் லினக்ஸ் கருனிப் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பாடம். போன தேர்வில் ஒரு பையன் எழுதியிருந்தான்: “நினைவகத் தடை போட்டால் மற்ற இழைகள் நினைவகத்தைத் தொட முடியாது.” (இழை என்றால் த்ரெட், ஒரே புரோகிராமுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் வேலை.) முழுத் தப்பு. அவனைக் குறை சொல்ல முடியாது, ‘தடை’ என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

தரவை எழுதிவிட்டு ‘தயார்’ என்று கொடி ஏற்றுகிறோம். கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சிப்பில், படிக்கிற இழைக்குக் கொடி முதலில் தெரிந்து, தரவு பழசாகவே கிடக்கலாம். லேப் கணினிகளில் உள்ள எக்ஸ்86 சிப், எழுதிய இரண்டின் வரிசையை இப்படி மாற்றிக் காட்டாது. அதனால்தான் லேபில் பையன்களுக்குப் பிழையே வருவதில்லை. பேரியர் யாரையும் மறிக்கவில்லை, வரிசையைக் காக்கிறது. அதுவும் படிக்கிற பக்கம் ஜோடிப் பேரியர் இருந்தால்தான்.

மேலூர் ஐயா ‘நிரற்காப்பு’ தந்தார், சொற்களை வரிசையாக நிறுத்திப் பொருள் கொள்ளும் நிரல்நிறையைச் சாட்சிக்கு இழுத்தார். ஐயா, இன்றைக்கு நிரல் என்றால் புரோகிராம். பையன்கள் ஆன்டிவைரஸ் என்பார்கள். செய்யுளுக்குப் பொருள் கொள்ள நன்னூல் சொல்லும் எட்டு முறைகளில், அதாவது பொருள்கோளில், பிராசஸருக்குப் பிடித்தது எது என்று இரண்டு நாள் ஓட்டியதும் அவர்தான். யாற்றுநீர் எழுதியபடியே போவது, அடிமறிமாற்று எந்த அடி எங்கே போனாலும் பொருள் கெடாதது. பிராசஸருக்கு, சொற்களை வேண்டிய இடத்துக்கு எடுத்துக் கூட்டிக்கொள்ளும் கொண்டுகூட்டுதான் பிடிக்கும் என்பேன். வகுப்பில் சொல்வேன், கலைச்சொல்லுக்கு உதவாது.

சோழவந்தான் அக்காவின் ‘மடை’? கண்மாய்க்கரையில் வளர்ந்தவருக்கு வேறென்ன தோன்றும்! ஆனால் அடைத்தால் நீர் நிற்குமே, மறுபடி தடைதான். லாக் (ஒரு நேரத்தில் ஒரே இழையை உள்ளே விடும் பூட்டு) போடும்போது வரும் அக்வயர், அதை எடுக்கும்போது வரும் ரிலீஸ், இரண்டும் ஒருவழிக் கதவு என்று அவர் சொன்னது மட்டும் சரி. லாக்குக்கு முன்னால் உள்ள வேலை உள்ளே நழுவலாம், அன்லாக்குக்குப் பின்னால் உள்ளதும் உள்ளே வரலாம். உள்ளே இருப்பது வெளியே கசியக் கூடாது. சித்திரைத் திருவிழா டவுன் பஸ் மாதிரி: இரண்டு வாசலிலும் ஏறலாம், எதிலும் இறங்க முடியாது. இந்த ஜோடிக்குப் ‘பற்று’, ‘விடு’ என்றதும் யாரோ 350-ஆம் குறளைப் (‘அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு’) போட்டார்கள், சண்டையே வரவில்லை.

பேரியருக்கு ‘வரிசைக்காப்பு’ என்று ஐந்து பேர் கை தூக்கியிருக்கிறீர்கள், அதில் இருவர் அலுத்துப்போய். சரி, அதையே பலகையில் எழுதி, அடியில் ‘மெமரி பேரியர்’ என்றும் போடுகிறேன்.

மேலூர் ஐயா இப்போதுதான் தனிமடல் போட்டார்: “வளைகாப்புக்குச் சீர்வரிசை கொண்டுபோவது போலிருக்கிறதே தம்பி.” படித்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.